கொசுவ மரம்

போன மாதம் ஈப்போவில் ஒரு கல்யாணம். மணப்பெண் என் சிநேகிதி அஞ்சலையின் பேத்தி. அஞ்சலை இப்போது இல்லை. அவள் இடத்தில் நான் இருக்க வேண்டும் என்று சொல்லி முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் அஞ்சலையின் வீட்டுக்காரர் முத்தையா அண்ணன். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, உலகம் வெளிச்சமும் நிழலுமாக மட்டும் தெரிகிற மனிதர். அவருக்குக் கோப்பி வேண்டுமாம். எதிரே பச்சைப் பட்டில் ஒரு முதுகு தெரிந்தது. அஞ்சலையின் மருமகள் மாலதிதான் என்று முடிவுகட்டி, "ஏ மாலதி, மாமாவுக்கு ஒரு கோப்பி கொண்டா!" என்று அதட்டினேன்.

முதுகு திரும்பியது. முகம் வேறு.

"பாட்டி, நான் மாலதி இல்ல லா. மாப்பிள்ளையோட அக்கா."

சம்பந்தி வீட்டுப் பெண்ணை வேலை ஏவிவிட்டேன். நல்ல பிள்ளை, கோப்பியைக் கொண்டுவந்தும் கொடுத்தது. முத்தையா அண்ணன் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. "கண்ணு தெரியாதவன் நானா, நீயா?" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போனதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில், பொழுது விடியாத இருட்டில் முன்னால் போகிற முதுகைப் பார்த்தே, இது இன்னார், இன்ன ஊர், இன்ன லயம் என்று சொன்னவள் நான். பெரிய வித்தை ஒன்றுமில்லை. அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் அது வந்தது. சேலைக் கொசுவம் சொல்லிவிடும்.

இந்த மண்டபத்தில் கொசுவம் ஒன்றும் சொல்லவில்லை. மணப்பெண் அறைக்குள் போய்ப் பார்த்தேன். அழகு நிலையத்திலிருந்து வந்த ஒரு பெண், வாய் நிறைய ஊக்கைக் கவ்விக்கொண்டு சேலையை மடித்து மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள். தோளில் ஊக்கு, இடுப்பில் ஊக்கு, கொசுவத்தில் ஊக்கு. மணப்பெண் மூச்சுவிடப் பயந்து நின்றாள். தாலி கட்டும்போது மாப்பிள்ளை கையில் குத்தப்போகிறது என்று சொன்னேன். "அதெல்லாம் குத்தாது பாட்டி, எல்லாத்தையும் உள்ள வச்சு மறைச்சாச்சு" என்றாள் வாயைத் திறக்காமல்.

புதுப் பட்டின் கஞ்சி வாசம் அறை முழுக்க அடித்தது. எனக்குப் புதுச்சேலை வாசம் எப்போது வந்தாலும் கூடவே இன்னொரு வாசமும் வந்துவிடும். புளித்துப்போன ரப்பர் பால் வாடை. எங்கள் சேலைகள் புதுசாக இருந்தது ஒரு நாள்தான். மறுநாள் ரப்பர்க் காட்டுக்குக் கட்டிப்போனால் பால் தெறித்துவிடும். அப்புறம் எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாடை சேலையோடு குடித்தனம் நடத்தும். தோட்டத்துப் பெண் பஸ் ஏறினால் டவுன்காரர்கள் ஜன்னல் பக்கம் நகர்வார்கள். எங்களுக்கோ அது வாடையாகவே தெரியாது.

எங்கள் தோட்டம் ஈப்போவுக்கும் காம்பாருக்கும் நடுவில் இருந்தது. துரைமார் வைத்த பெயர் அவர்கள் ஊர் மலை ஏதோ ஒன்றின் பெயர். எங்கள் வாயில் நுழையாது. மெயின் ரோட்டில் எட்டாவது மைல் கல்லுக்கு எதிரே இருந்ததால் எட்டாங்கட்டைத் தோட்டம் என்றோம். மைலை இங்கே கட்டை என்றுதான் சொல்வோம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்வது அறுபது வருஷத்துக்கு முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். துரைகள் குதிரையை விட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். எனக்குப் பதினாறு பதினேழு வயசு இருக்கும். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை.

தோட்டத்தில் வரிசை வீடுகளாக இரண்டு லயம். மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. ஒவ்வொரு கங்காணியும் அவரவர் ஊர்ப்பக்கத்து ஆட்களைத்தான் கப்பலேற்றிக் கொண்டுவருவார் என்பதால், மேல்லயம் முழுக்கச் சிவகங்கைப் பக்கத்துச் சனம். கீழ்லயம் முழுக்க வேலூர்ப் பக்கம். நாங்கள் மேல்லயம். எங்கள் பெண்கள் கொசுவத்தைப் பின்னால் வைத்து, மேல்மடிப்பை வெளியே விசிறி மாதிரி விரித்துவிடுவார்கள். கீழ்லயத்தில் கொசுவம் முன்னால், தொப்புளுக்குக் கீழே ஒரு கத்தையாக. அந்தந்த ஜில்லாவில் எல்லோருமே அப்படித்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பார்த்தது இந்த இரண்டு லயம்தான். எனக்கு அதுதான் இந்தியா.

இந்த ஒரு சாண் மடிப்பை வைத்துக்கொண்டு அடித்த கேலிக்குக் கணக்கில்லை. எங்களைப் பார்த்தால் அவர்கள், "மேல்லயத்துக்காரிங்களுக்கு வாலு மொளைச்சிருக்குடி, மெதிச்சிடாத!" என்பார்கள். நாங்கள் விடுவோமா? "கீழ்லயத்துல என்ன, வருசம் பூரா எல்லாருமே முழுகாம இருக்காளுக?" என்போம். மழைக்காலத்தில் எந்தக் கொசுவத்தில் அட்டை அதிகம் ஏறும் என்று ஒரு தர்க்கம் வரும். அது வருஷா வருஷம் நடந்தது. முடிவு ஏற்பட்டதே இல்லை. இதில் சேராத ஒரே ஆள் கிராணியின் சம்சாரம். ஆபீஸில் எழுதுகிறவரின் மனைவி அல்லவா? மெல்லிசுச் சேலையை முன்னால் நறுக்கென்று மடித்து, தோளில் ஒரு பித்தளை புரூச் குத்தியிருப்பார். சேலையில் ஊசி குத்தலாம் என்பதையே நாங்கள் அந்தம்மாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். "அவுங்க சேலை கட்டல, சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க" என்பாள் அஞ்சலை.

அஞ்சலை கீழ்லயம். காட்டில் அவளுக்கு விட்ட மர நெரையும் என் நெரையும் அடுத்தடுத்து. மரத்துக்கு மரம் பேச்சு. காட்டு ஓரம் போனதும் எல்லோரும் சேலைக்கு மேலே ஒரு பழைய கைலியைச் சுற்றிக்கொள்வோம், அதற்கு மேலே அப்பனுடைய சட்டை, தலையில் துண்டு. பால் தெறித்தால் கைலியோடு போகட்டும் என்பதற்காக. கைலியைச் சுற்றிய பிறகு மேல்லயம் ஏது, கீழ்லயம் ஏது? எல்லோரும் ஒரே மாதிரி சோளக்கொல்லைப் பொம்மைதான். காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரண்டு முனையிலும் வாளியை மாட்டிக்கொண்டு நடந்தால் துரைக்கே ஆணா பெண்ணா என்று சந்தேகம் வரும்.

ஒரு சமயம் அஞ்சலையை மரத்திலிருந்து மாற்றி, பாலை உறையவைக்கிற ஸ்டோரில் போட்டார்கள். அங்கே திராவகம் ஊற்றுகிறபோது தெறித்து, சேலையில் முன்கொசுவம் வருகிற இடம் சல்லடையாகிவிட்டது. இருந்த இரண்டு சேலையில் நல்ல சேலை அது. கிளிப்பச்சை. திரும்பவும் மரத்துக்கு வந்தபோது அழுகிற மாதிரி நின்றாள். நான்தான் சொன்னேன்: "அடியே, எங்களாட்டம் பின்னால வச்சுக் கட்டு. ஓட்டையெல்லாம் விசிறிக்குள்ள போயிடும். இருட்டுல போறோம், இருட்டுல வாரோம், எவ பாக்கப் போறா?"

ஒருத்தி பார்த்தாள்.

விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்கு, அதாவது பெயர் கூப்பிடுகிற இடத்துக்கு, இரண்டு லயத்து ஆட்களும் வாளியும் கம்புமாக ஒற்றையடிப் பாதையில் வரிசையாகப் போவோம். முன்னால் கீழ்லயம், பின்னால் மேல்லயம். நடுவில் லாந்தர் பிடிப்பது முத்தையா. அப்போது அவர் மீசை முளைத்த இளவட்டம், எங்கள் லயம். அவருக்குப் பின்னால் அவருடைய ஆத்தா பெரியநாயகி வரும். அந்த வருஷம்தான் கப்பலில் வந்து இறங்கியது. புல்வெட்டு வேலை, மரம் வெட்டுகிற எங்களோடு பகலில் சேராது. மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தது. லாந்தர் வெளிச்சத்தில் தினமும் முன்னால் போகிற கிளிப்பச்சையும் விசிறிக் கொசுவமும் அதன் மனசில் விழுந்துவிட்டது. எங்கள் கங்காணியிடம் போய், "அந்தப் பச்சைச் சேலைப் பொண்ணு யாரு மகளுன்னு கேட்டுச் சொல்லுங்க. நம்ம பக்கத்துப் பிள்ளை, கட்டே சொல்லுது" என்றதாம். கங்காணிக்கு ஆயிரம் வேலை. பெண் பெயரையும் அப்பன் பெயரையும் சொல்லிவிட்டார், லயத்தைச் சொல்லவில்லை. முத்தையா அண்ணனுக்கு எல்லாம் தெரியும். பால் நிறுக்கிற இடத்தில் அஞ்சலையின் வாளியை இறக்கிவிடத் தினமும் எங்கிருந்தோ இவர் கை வந்து சேரும். ஆனாலும் ஆத்தாவிடம் வாயைத் திறக்கவில்லை. கனிகிற மாம்பழத்தை எதற்குத் தட்டிப் பார்ப்பது என்று இருந்துவிட்டார்.

அஞ்சலையும் அப்படித்தான். "எனக்கு இது நடக்கலன்னா, வேற எவன் வூட்டு வாசலும் வேணாண்டி" என்று ஒரு நாள் மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். விளையாட்டாகப் பேசுகிறவள். அன்றைக்கு விளையாட்டு இல்லை.

வேலை இல்லாத ஒரு பகலில் பரிசம் போடக் கீழ்லயத்துக்குப் போனோம். பாதி வழியிலேயே பெரியநாயகிக்குச் சந்தேகம். "ஏண்டா, இந்தப் பக்கம் எதுக்குப் போறோம்?" முத்தையா அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார். வெற்றிலை, வாழைப்பழம், ஒரு சேலை, எல்லாம் வைத்த தட்டு. நடுவாசலில் இறக்கியாயிற்று. பெண்ணை அழைத்து வந்தார்கள். அஞ்சலையின் அம்மா குப்பம்மா, அதற்கென்று வாங்கிய சிவப்புச் சேலையைத் தன் ஊர்ப்படி முன்னால் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டிருந்தாள்.

பெரியநாயகி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தது. "திரும்பச் சொல்லுங்க" என்றது.

அஞ்சலை திரும்பினாள். வழவழவென்று ஒரு முதுகு. விசிறியைக் காணோம்.

"இது இல்ல. ஆளை மாத்திப்புட்டீக" என்றது பெரியநாயகி.

"இன்னா சொல்ற நீ?" என்று எழுந்தாள் குப்பம்மா. "எம் பொண்ணு எதுன்னு பெத்தவளுக்குத் தெரியாதா?"

"பெத்தவளுக்குத் தெரியும் தாயி. பாத்தவளுக்குத் தெரிய வேணாமா?"

சொல்லிக்கொண்டே தட்டை ஒரு சாண் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பரிசத் தட்டு திரும்பிப்போனால் அந்தப் பெண்ணைக் கேட்டு அப்புறம் யாரும் வரமாட்டார்கள்; தோட்டத்தில் அவள் பெயரே 'தட்டு திரும்பினவள்' என்று ஆகிவிடும். அஞ்சலை தலையைக் குனிந்து நின்றாள்.

அப்போதுதான் முத்தையா அண்ணனுக்கு வாய் வந்தது. "ஆத்தா… இதே பொண்ணுதான்."

"ஒனக்கு எப்படிடா தெரியும்?"

"மொகம் தெரியும்."

"மொகத்த எப்படா பாத்த?"

கூட்டத்திலிருந்து எவனோ, "லாந்தரப் பாதைக்குப் பிடிச்சாத்தானே? பொண்ணு மொகத்துக்குல்ல பிடிச்சான்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பெரியநாயகி சிரிக்கவில்லை. தட்டின் மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

"சிரிக்காதீக. எனக்குக் கண்ணு மங்கல்" என்றது மெதுவாக. "மொகமெல்லாம் பொகையாத்தான் தெரியுது. இந்தச் சீமைக்கு வந்து மரமும் புதுசு, பேச்சும் புதுசு. அந்த விசிறிக் கொசுவம் ஒண்ணுதான் எனக்கு அடையாளம் தெரிஞ்சுச்சு. அதப் பாத்தா நம்ம ஊரு சனத்துக்குப் பின்னாலதான் போறோம்னு ஒரு தெம்பு. அது இல்லன்னா இவ யாருன்னு நான் எப்படிக் கண்டுக்கிறது?"

மகனுக்கே அது வரைக்கும் தெரியாது, ஆத்தாவுக்குக் கண் மங்கல் என்று.

நான் அஞ்சலையை உள்ளே இழுத்துப்போய், "சட்டுனு பின்னால வச்சுக் கட்டிக்கடி" என்றேன். குப்பம்மா வாசற்படியில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "எம் பொண்ணு வாலு வச்சிக்கினு என் வூட்டுலேர்ந்து வெளிய போவ மாட்டா!" அஞ்சலை அம்மாவைப் பார்த்தாள், வெளியே தட்டைப் பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த கைலியை உருவி, சிவப்புச் சேலைக்கு மேலே சுற்றினாள். அப்பன் சட்டையை மாட்டினாள். பூ வைத்த தலையில் துண்டைக் கட்டினாள். மூலையில் கிடந்த காண்டாக் கம்பில் இரண்டு வாளியையும் கோத்துத் தோளில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே தினமும் காட்டுக்குப் போகிற மாதிரி ஒரு நடை நடந்தாள்.

அவள் கம்பு எப்போதும் இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். வெறும் வாளி இரண்டும் ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்கிற மாதிரி கிணுங்கும். வாசலின் அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் பெரியநாயகி எழுந்துவிட்டது.

"அட, இவதான்! எனக்கு முன்னால போறவ இவதான்! இந்த வாளிச் சத்தத்தைத்தானே நெதம் கேட்டுக்கிட்டு வாரேன்!" கிட்டப் போய் அவள் தோளைத் தடவிப் பார்த்தது. அப்புறமும் விடவில்லை. "சரி, கொசுவம் எங்கடி?"

"கைலிக்குள்ள கீது அத்தே" என்றாள் அஞ்சலை. "முன்னாலயா பின்னாலயான்னு மரத்துக்கா தெரியப் போவுது?"

பெரியநாயகி சிரித்தது அப்போதுதான். தட்டு திரும்பவும் நடுவாசலுக்கு வந்தது.

ஆனால் சம்பந்திகள் லேசில் விடுகிற ஆட்களா? என் வீட்டில் விசிறிதான் என்றது ஒன்று. என் வீட்டுக்கு வரும்போது முன்னால்தான் என்றது மற்றொன்று. கங்காணி வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, எல்லைத் தகராறு தீர்க்கிற தோரணையில் சொன்னார்: "மேல்லயத்துல பின்னால. கீழ்லயத்துல முன்னால. நடுவுல நிக்குதுல்ல மங்குஸ்தீன் மரம், அதான் எல்லை. இதுக்கு மேல பேசினா நான் சோறு திங்கப் போயிடுவேன்."

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். அஞ்சலை அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டாள். அம்மா வீட்டுக்குப் போகும்போது மரத்தடியில் நிற்பாள். சுற்றிலும் லாலான் புல் ஆள் உயரம். கொசுவத்தை உருவி முன்னால் கொண்டுவருவாள், கிளம்புவாள். வரும்போது மறுபடி பின்னால். துணைக்கு நான். "வெளிநாடு போறவுங்க பாஸ்போட்டுல முத்திரை குத்திக்கிற மாதிரி இருக்குடி" என்பேன். "முத்திரை ஒரு வாட்டிதான் குத்துவாங்க, நான் வாராவாரம் அவுக்கிறேன்" என்பாள்.

பிறகு லயம் மாறிக் கட்டிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மரத்தடியில் கூட்டமும் சேர்ந்தது. அதற்குக் கொசுவ மரம் என்றே பெயர். ஒரு நாள் துரை சுற்றிப் பார்க்க வந்தவர், புல்லுக்குள் நாலைந்து பெண்கள் நிற்பதையும், மரத்தைச் சுற்றி வருவதையும் பார்த்துவிட்டு, அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டாராம். சேலை மாற்றுகிறார்கள் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு கங்காணி, "சாமி காரியம், துரை" என்றார். துரை தொப்பியைக் கழற்றி மரத்துக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, அதை யாரும் வெட்டக்கூடாது என்று உத்தரவு போட்டார். உத்தரவு வந்த பிறகு நிஜமாகவே சிலர் அதற்கு மஞ்சள் துணி கட்டினார்கள். நானும் ஒரு நாள் சூடம் கொளுத்தினேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

பிறகு அந்த மரத்துக்கு வேலை குறைந்துபோனது யார் சொல்லியும் அல்ல. பெரியநாயகியும் குப்பம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் பிள்ளைகள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, டவுனைப் பார்த்து, கிராணி சம்சாரம் கட்டிய மாதிரியே கட்ட ஆரம்பித்தார்கள். இன்றைக்குப் பாருங்கள், உலகத்தில் எல்லோருமே கிராணியம்மாதான். வெள்ளைக்காரர்கள் போன பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். துரையின் உத்தரவு அதோடு செல்லாமல் போயிற்று. நாங்கள் ஈப்போ பக்கத்தில் குனோங் ராபாட்டுக்கு வந்துவிட்டோம். சுண்ணாம்பு மலை அடிவாரத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். அஞ்சலை வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அப்போதும் அவள் சுவரைத் தட்டி, "கீழ்லயத்துல இன்னா கொழம்பு?" என்று கேட்பாள். மேல்லயத்துக்காரி நானல்லவா என்று கத்தினால், "மருமவளா வந்தப்புறம் நான்தான் மேல்லயம், நீ எறங்கு" என்பாள்.

அவள் போன அன்று குளிப்பாட்டிவிட்டுப் புதுச்சேலை சுற்றுகிற நேரத்தில், மாலதியும் மற்றப் பெண்களும் கொசுவத்தைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒரு கட்டுத்தான் தெரியும். ஆனாலும் என்னைக் கேட்காமல் செருகத் தயக்கம். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கதவருகே நின்று முத்தையா அண்ணனைக் கேட்டேன்.

"அண்ணே, மேல்லயமா? கீழ்லயமா?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆத்தா இருந்தா பின்னாலன்னுதான் சொல்லும்" என்றார். பிறகு, "வேணாம்மா. முன்னாலயே வையி. மல்லாக்கப் படுத்திருக்கா. பின்னால வச்சா முதுகுல உறுத்தும்" என்றார்.

அப்படியே முன்னால் வைத்தோம்.

அதெல்லாம் மண்டபத்தில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டி முடிந்து சனம் சாப்பிடக் கிளம்பியது. எதிரே வரிசையாக முதுகுகள். நீலம், மாம்பழ மஞ்சள், ரோஸ். இஸ்திரி போட்ட மாதிரி எல்லாம் ஒரே கட்டு. முத்தையா அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "இதுல நம்ம சனம் எது, மாப்பிள்ளை வீட்டு சனம் எது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியல அண்ணே. ஏற்கெனவே ஒரு தடவை பட்டாச்சு."

"எல்லாரையும் வாளி தூக்கிட்டு நடக்கச் சொல்லு" என்றார். "சத்தத்த வச்சு நான் சொல்றேன்."

மண்டபத்தில் இருந்தது சாம்பார் வாளி ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு ஒரு பையன் எங்களைக் கடந்து போனான். முத்தையா அண்ணன் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.